குப்பம்மா வீட்டு வெள்ளை

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டுடியோவில் எனக்கு வைத்திருந்த பெயர் கலர் போலீஸ். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. நான் டீ குடிக்கக் கீழே இறங்கினதும் சொல்லிக்கொள்வார்கள். உள்ளூர எனக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

நான் சொல்வது இரண்டாயிரத்து ஏழாம் வருடத்துக் கதை. ராயபுரத்தில், திருவொற்றியூர் நெடுஞ்சாலை மேலேயே, கப்பலுக்குக் கயிறும் சங்கிலியும் விற்கிற கடையின் மாடியில் ஃப்ரெடி அண்ணன் அந்த ஸ்டுடியோவை நடத்திவந்தார். ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, சுவரில் வேளாங்கண்ணி மாதா காலண்டர். கம்ப்யூட்டருக்குள் களிமண் பிசைவது எங்கள் வேலை. திரையில் ஓர் உருண்டை இருக்கும். கையிலிருக்கும் பேனாவைப் பலகையில் தேய்த்தால் அந்த உருண்டை அமுங்கும், நீளும், கீறல் விழும். அதிலிருந்து யானையும் வரும், துருப்பிடித்த வால்வும் வரும். வடிவம் வந்ததும் அதன் மேலேயே நிறம் தீட்டுவோம்.

நிறம் தீட்டுகிற இடத்தில்தான் என் அதிகாரம். அந்த மென்பொருளைத் திறந்தால் களிமண் செம்மெழுகு நிறத்தில் நிற்கும். மேடு பள்ளம் பளிச்சென்று தெரியும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதன் மேல் நீலம் வைத்தால் கண்ணுக்குத் தெரிவது நீலம் இல்லை, நீலமும் மெழுகும் கலந்த ஏதோ ஒன்று. தீட்டுகிறவர் நீலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு பங்கு ஏற்றுவார். வேலை முடிந்து வெளியே எடுத்தால் குழாய் குழாயாக இருக்காது, மை கொட்டின மாதிரி இருக்கும். அதனால் தீட்டுவதற்கு முன் களிமண்ணை வெறும் வெள்ளைக்கு மாற்ற வேண்டும், திரைக்குள் எரியும் விளக்கையும் நிழலையும் அணைக்க வேண்டும், வெறும் நிறத்தை மட்டும் பார்க்க வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஜானட் இதை வாரத்துக்கு ஒருமுறை மறப்பாள். நானும் வாரத்துக்கு ஒருமுறை கத்துவேன்.

அதோடு நிற்கவில்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி மாட்டவைத்தேன். பச்சை பாய்கிற ட்யூப் லைட்டைக் கழற்றவைத்தேன். மஞ்சள் சுவர் கண்ணை ஏமாற்றுகிறது என்று சண்டை போட்டு, ஃப்ரெடி அண்ணன் கையாலேயே சுவருக்குச் சாம்பல் நிறம் அடிக்கவைத்தேன். "இன்னா செங்கொடி, ஸ்டுடியோவா, சுடுகாடா?" என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டு அடித்தார். நிறத்தில் எங்கள் ஸ்டுடியோவை யாரும் குறை சொன்னதில்லை.

அந்த வருடம்தான் மணலியிலிருந்து வேலை வந்தது. அங்கே ஒரு ரசாயனத் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். அதன் பாதுகாப்பு அதிகாரி ஞானம். அவர் கேட்டது இது: பம்ப் ஹவுஸை அப்படியே கம்ப்யூட்டரில் செய்து தர வேண்டும். குழாய்கள், வால்வுகள், துரு, கசிவு எல்லாம். காண்ட்ராக்ட் ஆட்கள் ஒவ்வொருவராகத் திரைக்கு முன் உட்காருவார்கள். "காற்று லைன் உடைஞ்சிடுச்சு, வால்வை மூடு" என்று குரல் வரும். சரியான வால்வை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும்; பக்கத்தில் இருப்பவர் அதை மவுஸால் அழுத்துவார். காட்டினால் கேட் பாஸ் புதுப்பிக்கப்படும். காட்டாவிட்டால் இல்லை.

அந்தத் தொழிற்சாலையில் என் நைனா சுப்பராயன் இருபது வருடமாகக் குழாய்க்குப் பெயிண்ட் அடிக்கிறார். தண்ணீருக்குக் கடல் பச்சை, காற்றுக்கு வான நீலம், ஆசிட்டுக்கு அடர் ஊதா, கேஸுக்கு மஞ்சள், நீராவிக்கு வெள்ளி. நான் ஒன்றாம் வகுப்பில் அ, ஆ படிக்கும் முன்பே இந்த ஐந்தையும் படித்தவள். அதனால் ஞானம் சார் "ஒவ்வொரு பைப்புக்கும் மேல இங்கிலீஷ்ல பேரு வந்து நிக்கட்டும்" என்று சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது.

"வேணாம் சார்" என்றேன். "அங்க வேலை செய்யறவங்கள்ல பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது. நாப்பது பேருக்குத் தமிழே படிக்கத் தெரியாது. அவங்க நிறத்தைப் பாத்துத்தான் இத்தனை வருசமா வேலை செய்யறாங்க."

"படிக்கத் தெரியாதவங்களை உள்ளே விடறதே ஆபத்தும்மா. என்னைக் கேட்டா அந்த நாப்பது பேருக்கும் கேட் பாஸே தரக் கூடாது."

"சிக்னல்ல எழுத்தா சார் எரியுது? நிறம்தான எரியுது? நிறம் சரியா இருந்தா எழுத்து வேணாம். நிறத்துக்கு நான் பொறுப்பு."

ஃப்ரெடி அண்ணன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். ஆனால் வாயை விட்டாகிவிட்டது. ஞானம் சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒரு நிபந்தனை போட்டார். எழுத்து இல்லாமலே செய்யுங்கள். முடிந்ததும் ஐந்து பேரை வைத்துச் சோதனை. ஒருவர் தப்பாகத் தொட்டாலும் எழுத்து வரும், படிக்கத் தெரியாத நாற்பது பேர் வெளியே.

நான் சரியென்றேன். கை கொடுத்தேன் என்றுகூட நினைவு.

நிறத்தைப் பிடிக்கக் கேமராவோடு தொழிற்சாலைக்குப் போக வேண்டும். உள்ளே ஓரிடத்தில் சோடியம் விளக்கின் மஞ்சள், ஓரிடத்தில் ட்யூப் லைட்டின் பச்சை, வெளியே வந்தால் மணலியின் புகை வழியாக வருகிற வெயில். கேமரா இதையெல்லாம் குழாயின் நிறத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு படத்திலும் வெள்ளையாக ஏதாவது ஒன்றை வைத்து எடுக்க வேண்டும். அப்புறம் கம்ப்யூட்டரில் அதைத் தொட்டு, இதுதான் வெள்ளை என்று சொன்னால் போதும். மற்ற நிறங்கள் எல்லாம் அதற்கேற்ப நகர்ந்து தங்கள் இடத்தில் போய் உட்காரும்.

"அதுக்குன்னே ஒரு அட்டை விக்கிதாமே. ரிச்சி ஸ்ட்ரீட்ல விசாரிக்கட்டா?" என்றார் ஃப்ரெடி அண்ணன்.

"அட்டை எதுக்குண்ணா? எங்க வூட்டு வெள்ளை கீது" என்றேன்.

இதைச் சொல்லும்போது எனக்கு இருந்த திமிரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காரணம் உண்டு. வியாசர்பாடியில் எங்கள் பிளாக்கில் குப்பம்மா வூட்டு வெள்ளை என்றால் அதற்கு மேல் வெள்ளை கிடையாது. குப்பம்மா என் அம்மா. பௌர்ணமிக்குப் புத்த விகாருக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு நாங்கள் மூவரும் நடந்துபோனால் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். நாளெல்லாம் பெயிண்டில் முங்கி எழுகிற நைனா ஞாயிற்றுக்கிழமை சட்டையில் ஒரு பொட்டுக் கறை இல்லாமல் நிற்பார். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு டீச்சர் என்னை மேடையில் ஏற்றி, "யூனிஃபார்ம்னா இப்படி இருக்கணும்" என்று மொத்தப் பள்ளிக்கும் காட்டினாள். குடிசைப் பகுதியிலிருந்து வந்தவளா என்று முகம் சுளித்தவர்கள் எல்லாரும் அன்றைக்குக் கை தட்டினார்கள். அம்மாவின் வெள்ளை எனக்கு வெறும் துணி இல்லை.

ஆக, அம்மா துவைத்த துண்டு ஒன்றை மடித்து எடுத்துப்போனேன். இருநூறு படம் எடுத்தேன். இருநூறிலும் ஒரு மூலையில் அந்தத் துண்டு தொங்கியது. கம்ப்யூட்டரில் துண்டைத் தொட்டு, இதுதான் வெள்ளை என்று சொன்னேன். வந்த நிறங்களை எண்களாக எழுதி, பட்டியல் போட்டு, சாம்பல் சுவரில் ஒட்டினேன். "இதுல ஒரு நம்பர் மாறினாலும் நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்று ஜானட்டிடம் சொன்னேன். நாற்பது நாள் வேலை செய்தோம். அந்த வால்வுகளைப் பார்த்திருந்தால் நீங்களும் நிஜம் என்றே சொல்லியிருப்பீர்கள். சக்கரத்தில் கைபட்டுத் தேய்ந்த இடம், போல்ட்டுக்கு அடியில் துரு இறங்கிய கோடு, நைனா அவசரத்தில் அடித்து வழிந்து உறைந்த பெயிண்ட் துளிவரைக்கும் இருந்தது.

சோதனை நாளன்று எங்கள் குண்டு மானிட்டரையே போர்வையில் சுற்றி ஆட்டோவில் மணலிக்குக் கொண்டுபோனோம். வேறு திரையில் காட்டினால் நிறம் மாறும் என்று நான் அடம்பிடித்தேன். பயிற்சி அறையில் ஐந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நைனா கடைசி ஆள். முதல் ஆள் கோவிந்தம்மா அக்கா.

கோவிந்தம்மா அக்கா பம்ப் ஹவுஸில் பதினைந்து வருடமாகக் கூட்டிப் பெருக்குகிறவர். கொருக்குப்பேட்டையில் ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் வீடு. ஓர் எழுத்து தெரியாது. ஒருமுறை குழாய் வெடித்துத் தண்ணீர் பீய்ச்சியபோது ஆபரேட்டர் ஓடிவருவதற்குள் வால்வைத் திருகி மூடியது அவர்தான் என்று நைனா சொல்லியிருக்கிறார். அதனால் முதலில் அவர் வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

திரையில் பம்ப் ஹவுஸ் வந்தது. "ஐயே, மெய்யாலுமே நம்ப எடம்!" என்று அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். எனக்கு நெஞ்சு விம்மியது. குரல் சொன்னது: "தண்ணி லைன் வால்வை மூடு."

அக்கா சற்று முன்னால் குனிந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு விரலை நீட்டித் தொட்டார்.

அது காற்று லைன்.

திரை சிவந்து, மணி அடித்தது. ஞானம் சார் கோவிந்தம்மா அக்காவின் தாளை இழுத்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார்: "நிறம் அடையாளம் தெரியவில்லை. தகுதி இல்லை."

"இன்னா சார் தெர்ல?" அக்கா எழுந்துவிட்டார். "பாஞ்சி வருசமா பாத்துகினு கீறேன், எனுக்கா தெர்ல? இதான் தண்ணி பைப்பு. அந்தாண்ட கீற இன்னொண்ணு இன்னா கலருன்னே பிரியல. அப்டி ஒரு கலரு நம்ப ப்ளாண்டுல கெடையவே கெடையாது!"

"போதும்மா. அடுத்தவங்க வேண்டாம். ஒருத்தர் தப்பினாலும் போதும்னு பேசியாச்சு" என்று ஞானம் சார் என்னைப் பார்த்தார். "எழுத்துப் போட்டுக் கொண்டாங்க."

அக்காவும் என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் பேசுவேன் என்று நினைத்திருப்பார். நான் பேசவில்லை. எனக்கு அவர் மேல்தான் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பாடுபட்டுச் செய்து வைத்தால் இப்படிக் கோட்டைவிட்டாரே என்று. இப்போது சொல்லவும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஸ்டுடியோவுக்கு வந்ததும் ஆத்திரம் ஜானட் பக்கம் திரும்பியது. காற்றுக் குழாய் அவள் தீட்டியது. "செம்மெழுகு மேல தீட்டிட்டியா? உண்மையைச் சொல்லு!" என்று கத்தினேன். அவள் கோப்பைத் திறந்தாள். களிமண் வெள்ளையாக இருந்தது. விளக்கு அணைந்திருந்தது. எண் என் பட்டியலில் உள்ள அதே எண். "நீ குட்த்த நம்பர்தாங்க்கா" என்று மட்டும் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. ஃப்ரெடி அண்ணன் மானிட்டரைச் சோதித்தார். அதிலும் குறை இல்லை.

அப்போதுதான் என் புத்தி கொஞ்சம் வேலை செய்தது. கோவிந்தம்மா அக்கா தெரியாதவர் மாதிரி முழிக்கவில்லை. அப்படி ஒரு நிறம் எங்கள் ப்ளாண்ட்டில் கிடையாது என்று அடித்துச் சொன்னார். தெரியாதவருக்கு அந்தப் பேச்சு வராது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நைனா காலையில் பேப்பரை விரித்துக்கொண்டு அதைப் படிக்காமல் உட்கார்ந்திருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"நைனா, நீ நேத்து ஸ்கிரீனைப் பாத்தியே. கலரு எப்டி இருந்திச்சி?"

"ஸோக்கா இருந்திச்சி."

"என் மேல சத்தியமா?"

அவர் பேப்பரை மடித்தார். "ஏர் லைன்ல பச்சை ஓடிச்சி. வாட்டர் லைன்ல மஞ்சா ஓடிச்சி. எல்லாத்துலயும் லைட்டா ஒரு மஞ்சா."

"இத்த ஏன் அங்கயே சொல்லல?"

"எத்தினி பேரு குந்திகினு கீறாங்கோ அங்க. எம்பொண்ணு செஞ்சதுன்னு எல்லார் கைலயும் சொல்லிகினு வந்து குந்திட்டேன். அப்பால நானே எந்திரிச்சி அது ராங்குன்னு எப்டிம்மா சொல்லுவேன்?"

"அதுக்கு கோவிந்தம்மாக்கா வேலை போலாமா நைனா?"

அவர் மடித்த பேப்பரை மறுபடி மடித்தார். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நானும்தானே வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

எல்லாத்திலும் ஒரு மஞ்சள். ஒன்றில் மட்டும் இருந்தால் தீட்டினவள் தப்பு. எல்லாவற்றிலும் என்றால் அடியிலேயே எங்கோ தப்பு. இதைக் குடைந்துகொண்டே குழாயடிக்குப் போனேன். அம்மா துண்டுகளை அலசி முடித்திருந்தாள். கடைசி பக்கெட்டில் நல்ல தண்ணீர் பிடித்தாள். இடுப்பில் செருகியிருந்த சின்னப் புட்டியை எடுத்து மூடியைத் திறந்தாள். ஒரு சொட்டு விட்டாள். இரண்டு. மூன்று. மற்றவர்கள் மூன்றோடு நிறுத்துவார்கள். என் அம்மா கணக்கு ஐந்து. தண்ணீருக்குள் நீலம் நூல் நூலாக இறங்கிப் பரவியது.

நீலம்.

நான் அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன் இந்தப் புட்டியை. கடையில் போய் வாங்கிவந்ததே நான்தான். ஜன்னலை மறைத்தேன், விளக்கைக் கழற்றினேன், சுவரின் நிறத்தையே மாற்றினேன். வெள்ளைத் துண்டை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீலம் ஏறின துணியைக் காட்டி இதுதான் வெள்ளை என்று சொன்னால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? அந்த நீலத்தை எல்லாவற்றிலிருந்தும் உருவி எடுத்துவிடும். நீலத்தை உருவினால் வான நீலம் பச்சைக்குப் போகும், கடல் பச்சை மஞ்சளுக்குப் போகும். கோவிந்தம்மா அக்கா கடல் பச்சையைத் தேடினார். அது காற்றுக் குழாயில் இருந்தது. சரியாகத்தான் தொட்டார்.

"இன்னாடி, பேய் அறைஞ்ச மேரி குந்திகினு கீற?" என்றாள் அம்மா.

சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு அவள் முகம் சிவந்தது. "என் வெள்ளையில கொற சொல்றியா?"

"உன் வெள்ளை ஊருக்கே வெள்ளைம்மா. கேமராவுக்குத்தான் அது நீலம்."

"அப்ப நீலம் போடாத ஒண்ணு தோச்சித் தர்றேன், எத்துகினு போ." அலசி வைத்ததில் ஒன்றை நீலத்தில் நனைக்காமல் அப்படியே பிழிந்து உதறிக் காட்டினாள். பழுப்பாக, சோர்ந்துபோய் இருந்தது. பார்த்ததும் அவளே சுருட்டி ஒளித்துக்கொண்டாள். "வேணாம். இத்தப் பாத்தா ஊரு சிரிக்கும். நீ அட்டையே வாங்கிக்கோ."

அட்டையை ஃப்ரெடி அண்ணன் வாங்கிவந்தார். இனி மறுபடி படம் எடுக்க வேண்டும், அதற்கு ஞானம் சாரின் அனுமதி வேண்டும். "கேமரா ரிப்பேர்னு சொல்லு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் அண்ணன். நல்ல யோசனைதான். ஸ்டுடியோவின் பெயர் கெடாது, கலர் போலீஸின் பெயரும் கெடாது. ஆனால் கோவிந்தம்மா அக்காவின் தாளில் நிறம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறதே, அதைக் கேமரா ரிப்பேர் அழிக்குமா?

திங்கட்கிழமை ஞானம் சாரின் அறைக்குப் போனபோது, கோவிந்தம்மா அக்காவையும் வரச்சொல்லும்படி கேட்டேன். அவர் வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் உட்காராமல் சொன்னேன்.

"சார், அன்னைக்கு இவங்க தொட்டது சரி. நான் தீட்டினது தப்பு. என் பட்டியல்ல உள்ள எல்லா நம்பரும் தப்பு." துண்டு, நீலம், கேமரா எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

ஞானம் சார் சிரித்தார். "துவைச்ச துண்டை வச்சா நிறம் பார்த்தீங்க? இதுக்குத்தான் இந்த ஏரியா ஆளுங்ககிட்ட வேலை குடுக்க யோசிக்கணும்னு சொல்றது."

வேறு நாளாயிருந்தால் மேசையைப் புரட்டியிருப்பேன். அன்றைக்கு அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தேன். அதில் ஒரு பட்டை சுத்த வெள்ளை. பக்கத்தில் அம்மாவின் துண்டை விரித்தேன். தனியாகப் பார்த்தால் பாலாக இருக்கும் துண்டு, அட்டைக்குப் பக்கத்தில் இளநீலமாக நின்றது. அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "அட" என்றார்.

"சார், ஒரு நிமிஷம்" என்று அட்டையை அவர் சட்டைக்கைக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவரும் வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார். அதுவும் நீலம். எங்கள் துண்டைவிட ஒரு சொட்டு கம்மி, அவ்வளவுதான். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசலிலிருந்து கோவிந்தம்மா அக்கா களுக்கென்று சிரித்துவிட்டார்.

"இந்த ஏரியா ஆளுங்க செஞ்ச தப்பை இந்த ஏரியா ஆளுதான் சார் கண்டுபிடிச்சாங்க" என்றேன். "நாப்பது நாள் நாங்க யாரும் கண்டுபிடிக்கல. அவங்க ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சாங்க. அந்தத் தாள்ல எழுதினதை அடிச்சிடுங்க. மறுபடி சோதனை வைங்க. அப்பவும் தப்பினா நீங்க சொன்னபடி எழுத்துப் போடறேன்."

அவர் அடித்தார். என் எதிரிலேயே அடித்து, பக்கத்தில் சுருக்கமாகக் கையெழுத்தும் போட்டார். மனுஷன் முரடர், ஆனால் நேர்மைக்காரர்.

மறுபடி இருநூறு படம், இந்தமுறை அட்டையோடு. பழைய பட்டியலைச் சுவரிலிருந்து நானே கிழித்தேன். ஜானட்டிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் பூரா என்னை இரண்டு தடவை டீ வாங்கிவர வைத்தாள். வால்வுகளை மாற்றவில்லை, துருவை மாற்றவில்லை. நிறத்தை மட்டும் ஒவ்வொன்றாகக் கழுவி மறுபடி தீட்டினோம். இருபது நாள் ஆயிற்று.

இரண்டாவது சோதனைக்கு அதே ஐந்து பேர், அதே பெஞ்சு, அதே குண்டு மானிட்டர். கோவிந்தம்மா அக்கா திரைக்கு முன் உட்காருவதற்கு முன்னால் ஞானம் சாரிடம் விரலை ஆட்டிச் சொன்னார்: "இன்னொரு தபா தப்புன்னு மணி அடிச்சா நா சும்மா போவ மாட்டேன் சார், ஆமா."

"தண்ணி லைன் வால்வை மூடு."

குரல் முடிவதற்குள் தொட்டார். திரை பச்சையாயிற்று. காற்று, கேஸ், நீராவி, ஆசிட். ஐந்தும் சரி. ஞானம் சார் விடவில்லை. பாதித் துரு மூடிய மூலைக் குழாய் ஒன்றைக் காட்டச் சொன்னார். அதில் நிறம் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குத்தான் எஞ்சியிருந்தது. அக்கா கண்ணைச் சுருக்கினார். "ஏர் லைனு. சுப்பராயன் அடிச்சது. பிரஷ்ஷ இஸ்த்துகினே போயிருக்காரு பாரு" என்றார். பெஞ்சிலிருந்து நைனா இருமினார்.

மற்ற நால்வரும் ஒரு தப்பும் செய்யவில்லை. நைனா கடைசியில் உட்கார்ந்து, வேண்டுமென்றே மெதுவாக, ஒவ்வொரு வால்வையும் பூ வைக்கிற மாதிரி தொட்டுவிட்டு எழுந்தார். எழுந்து அறைக்கே கேட்கிற குரலில் சொன்னார்: "மொத தபா கலரு ராங்கா இருந்திச்சி. நா பாத்தேன், சொல்லல. அது என் தப்பு. இப்ப கரீட்டா கீது." ஞானம் சாருக்கு அது எதற்கென்று புரிந்ததோ என்னவோ, எனக்குப் புரிந்தது. எழுத்து இல்லாமலே வேலை ஒப்புக்கொள்ளப்பட்டது. நாற்பது பேரும் உள்ளேதான்.

ஞானம் சார் ஒப்புதல் படிவத்தை நீட்டினார். கீழே இரண்டு வரி இருந்தது. செய்தவர். நிறம் சரிபார்த்தவர். இரண்டிலும் என் பெயரையே போட வேண்டும் என்றுதான் ஃப்ரெடி அண்ணன் என்னைக் கூட்டிவந்திருந்தார். முதல் வரியில் செங்கொடி, ஜானட் என்று எழுதினேன். இரண்டாவது வரியில் கோவிந்தம்மா என்று எழுதிப் படிவத்தை அவர் பக்கம் திருப்பினேன்.

"இன்னாம்மே இது?"

"நிறத்தைச் சரி பாத்தது நீங்கதான்க்கா. உங்க பேரு. கையெழுத்துப் போடுங்க."

"எனுக்கு ஏது கையெழுத்து?" என்று ஞானம் சாரைப் பார்த்தார். ஞானம் சார் மேசை இழுப்பறையிலிருந்து மைப் பெட்டியை எடுத்து, மூடியைத் திறந்து, அவர் முன்னால் தள்ளினார்.

அக்கா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தார். கட்டைவிரலை மையில் அழுத்தி, என் பெயருக்குக் கீழே, தன் பெயருக்குப் பக்கத்தில் அழுத்தமாக வைத்தார். பிறகு விரலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஆசிட் லைன் கலரு" என்றார். இன்னும் கொஞ்சம் பார்த்தார். "ஆனா அத்த விட ஒரு துளி செவப்பு ஜாஸ்தி."

யாரும் சிரிக்கவில்லை. எங்களோடு வந்திருந்த ஜானட் சட்டென்று குனிந்து திரையில் ஆசிட் குழாயைத் திறந்து பெரிதாக்கினாள். அக்கா விரலை அதன் பக்கத்தில் நீட்டினார். நாங்கள் எல்லாரும், ஞானம் சார் உட்பட, தலையை முட்டிக்கொண்டு குனிந்து பார்த்தோம்.

ஒரு துளி சிவப்பு அதிகம்தான்.